வேலிக்கும் வேலிக்கும் நடுவே

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தலைச்சுற்றலை ஒருவாறு அடக்கிக்கொண்டு ஏற்காட்டில் இறங்குகிற எவருக்கும் முதல் பத்து நிமிஷத்தில் ஓர் ஆசை பிறக்கும்: "இங்கே நமக்கென்று ஒரு சின்ன வீடு இருந்தால்!" எனக்கும் பிறந்தது. பணப்பையைத் தொட்டுப் பார்த்தேன், ஆசை அடங்கிவிட்டது.

அடங்காதவர்கள் நிறையப் பேர். சேர்வராயன் மலைச் சரிவுகளில் காப்பிச் செடிகளுக்கு நடுவே இன்று மனைகளும் மாடி வீடுகளும் முளைத்திருக்கின்றன. அவற்றில் சில வீடுகளின் கதவு வருஷத்தில் பதினைந்து நாள் திறந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் பூட்டும் குரங்கும்தான் காவல். வீட்டைப் பூட்டிவிடலாம், சரி. வாசலில் ஓடும் ரோட்டையும் மழைநீர்க் கால்வாயையும் பொதுக் கிணற்றையும் யார் பார்ப்பது?

அதற்குத்தான் சங்கம். ஏழு பேர் கூடினால் போதும். 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி விதிமுறை எழுதிப் பதிவு செய்துவிடலாம். வருஷத்துக்கொரு பொதுக்கூட்டம் போடவேண்டும், கணக்குக் காட்டவேண்டும். நிர்வாகக் குழு மூன்று வருஷத்துக்கு மேல் நாற்காலியில் ஒட்டிக்கொள்ள முடியாது. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கத்தினர் ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் அமெரிக்காவில்! மலைமேல் இருக்கும் வீடுகளுக்கான கூட்டம் மலையடிவாரத்து ஹோட்டலில் நடக்கிறது. காரியதரிசி பாடு திண்டாட்டம், சந்தா கேட்டால், "நான்தான் தண்ணீரே உபயோகிக்கவில்லையே!" என்கிறார்கள்.

தண்ணீர் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. சமவெளியில் ஒருவர் முற்றத்துக்குச் சிமெண்டு பூசினால் அவர் காலுக்குத்தான் சூடு. மலையிலோ மேல் வீட்டுக்காரர் பூசிய சிமெண்டு, மழை நாளில் கீழ் வீட்டுக்காரரின் சுவரில் போய் முட்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்தபோது ஏற்காட்டு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கட்டடம் கட்டுவதற்கு அனுமதி தருவது சங்கத்தின் வேலையல்ல. அரசு 1990இல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பார்வை ஏற்காட்டின் மேலும் உண்டு. ஆனால் ஐப்பசிக்கு முன்னால் கால்வாயில் சேர்ந்த சருகை அள்ள எந்த ஆணையமும் வராது. அதற்கு இரண்டு ஆளும் ஒரு மண்வெட்டியும், அவர்களுக்குக் கூலி கொடுக்க ஒரு சங்கமும் வேண்டும்.

இவ்வளவு நல்ல காரியத்துக்கு இடமிருக்க, பல ஊர்களில் சங்கம் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமோ? ரோட்டை மறித்து ஓர் இரும்புக் கேட்!

அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் ரோடுகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளூராட்சியிடம் ஒப்படைப்பது வழக்கம். தானம் கொடுத்த ரோடு ஊருக்குச் சொந்தம். அதைப் பூட்டச் சங்கத்துக்கு ஏது அதிகாரம்?

ஊர் என்றால் யார் என்பது அடுத்த கேள்வி. காப்பி வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த மலையில் குடியிருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்தாரல்ல, மலையை ஆளுகிற தமிழர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களில் மூத்தவர் சேர்வராயனுக்கு வந்தாராம். மற்ற இருவரும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்களாம். வரப்புச் சண்டையையும் வழிச் சண்டையையும் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது இவர்களுடைய வழக்கம். பதிவு எண் கிடையாது, சந்தாவும் கிடையாது.

அந்த மலையில் ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம். நான் போன காலை வேளையில் கேட்டுக்கு வெளியே கூடையும் கையுமாக ஒரு பாட்டி நின்றிருந்தாள்.

"யாரைப் பார்க்கணும்?" என்றான் காவல்காரன்.

"யாரையும் பார்க்க வேணாம். சந்தைக்குப் போகணும்."

"இது தனியார் வழி, பாட்டி."

பாட்டி கூடையை இறக்கி வைத்தாள். "நீ எந்த ஊரப்பா?"

"தர்மபுரிப் பக்கம்."

"நான் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்ததே இந்த வழியாத்தான். அப்போ கதவு இல்லே."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டான். கூடையையும் அவனே தூக்கி அவள் தலையில் வைத்தான்.

கேட்டை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வருகிறது என்றார் காரியதரிசி. போதுமான பேர் வந்து சேரவேண்டும்.