உடல் வலியா, மனச்சோர்வா? கிளினிக்கில் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

கோலாலம்பூர்: தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு கிளினிக்கிற்குப் போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். இரத்த அழுத்தமும் இனிப்புநீரும் பார்த்து, மாத்திரை வாங்கி வருகிறோம். அடுத்த மாதம் அதே வலியோடு மீண்டும் வரிசையில் நிற்கிறோம். அந்த வலிக்குப் பின்னால் மனச்சோர்வோ மனப்பதற்றமோ இருக்கலாம்.

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019இல் 2.3 விழுக்காட்டுப் பெரியவர்களுக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடாக, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேராக உயர்ந்தது. 2009ஆம் ஆண்டின் தேசியத் தற்கொலைப் பதிவேட்டில், இனவாரியாக இந்தியர்களின் விகிதமே அதிகம். நம் வீடுகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

ஆனால் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரை நாம் கேலிக்கும் பயமுறுத்தவும் பயன்படுத்தியே பழகிவிட்டோம். அதனால்தான் மனநலச் சிகிச்சை, மக்கள் தயங்காமல் நுழையும் இடத்திற்கு, அதாவது சாதாரண கிளினிக்கிற்கு வரவேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய திட்டத்தின் நோக்கமும் இதுவே. மனநல நிபுணர் அல்லாத மருத்துவர், தாதி, மருத்துவ உதவி அதிகாரி ஆகியோருக்குப் பயிற்சி கொடுப்பதற்கான கையேட்டை அது 2010இல் வெளியிட்டது.

அந்தப் பயிற்சியில் முதல் பாடம், குறுக்கிடாமல் கேட்பது. அடுத்தது, சரியான கேள்வியைக் கேட்பது. கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் விரிவாக விசாரிப்பார்கள். தைராய்டு கோளாறு, இரத்தசோகை போன்றவையும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்யலாம். பதற்றம் பற்றியும் தனியாகக் கேட்பார்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்றும் நேரடியாகக் கேட்கப் பயிற்சி பெறுகிறார்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று வீட்டில் பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. கேட்பதால்தான் பலருக்கு வாய் திறக்கவே முடிகிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை.

மொழியும் ஒரு தடைதான். 'மனச்சோர்வு' என்ற சொல் நம் பாட்டிமார் வாயில் வராது. 'மனசு சரியில்லை', 'கை கால் அசந்து போகுது' என்பார்கள். தமிழ் தெரியாத மருத்துவருக்கு அது வெறும் உடல் அசதியாகவே போய்ச் சேரும். துணைக்குப் போகிறவர் 'உடம்பு வலி' என்று சுருக்கிவிடாமல் முழுவதையும் சொல்லவேண்டும். பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். பிள்ளை முன்னால் எந்தத் தாயும் மனம் திறக்கமாட்டார்.

லேசான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும், நிறுத்திவிட்ட அன்றாட வேலைகளைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்குவதுமே உதவக்கூடும். மாத்திரை தேவைப்பட்டால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று நாமே நிறுத்தினால் சோர்வு திரும்பிவரலாம். உயிருக்கு ஆபத்து தெரிந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைவீதிகளில் வழக்கமாகப் பார்க்கும் தனியார் மருத்துவரிடமும் தொடங்கலாம். உள்ளே போனதும், உடல் வலியோடு இதையும் சொல்லுங்கள்: "டாக்டர், 2 வாரமாக மனசும் சரியில்லை."

உடனே பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும்.