727ஆம் குறளைப் பாடம் நடத்தும்போது

'அவையஞ்சாமை' அதிகாரத்தின் 727ஆம் குறள், சபையைக் கண்டு நடுங்குபவன் கற்ற நூலைப் பகைவர் முன்னால் பேடி கையில் பிடித்த வாளுக்கு ஒப்பிடுகிறது. வகுப்பில் பேடி என்றால் கோழை என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுகிறோம். மணி அடித்ததும் அதே சொல் மைதானத்தில், நடையில் கொஞ்சம் நளினம் உள்ள ஒரு பையனின் முதுகில் விழுகிறது. பழைய இலக்கியம் இந்த ஒரு குறளோடு நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் காமன் பேடி உருவில் ஆடியதும் ஒன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஆண்மை திரிந்த பெயர்களை உயர்திணையில்தான் வைக்கிறது. இந்த மூன்றையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படித்தால், ஒரு சொல்லுக்குள் இழிவும் கலையும் இலக்கணமும் ஒன்றாகக் கிடப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். குறளை ஒதுக்கவும் வேண்டாம், அதன் உவமைக்குப் பூச்சு பூசவும் வேண்டாம்.

பழைய நூல்களோடு இன்றைய பால்புதுமையர் (குயர்) எழுத்தும் வகுப்புக்கு வர வேண்டும். அதை 'விழிப்புணர்வு' என்ற தனி அலமாரிக்குள் வைப்பதுதான் அதற்கு நாம் செய்யும் பெரிய அநீதி. திருநங்கை ஒருவரைப் பற்றிய சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல் வெளியிலிருந்து ஒரு கதவைத் திறந்தது. பிறகு 2004இல் திருநங்கை எழுத்தாளர் ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' வந்தது. திருநங்கையரான லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறும் பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்' நாவலும் தொடர்ந்தன. ரேவதி தமிழில் எழுதிய தன்வரலாறு 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக முதலில் வெளியாகி, அதற்கு அடுத்த ஆண்டுதான் 'வெள்ளை மொழி' என்று தமிழ் வாசகர் கைக்கு வந்தது. நம் மொழியில் பிறந்த புத்தகம் நம்மிடம் வர இப்படிச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சென்னையில் 2018 ஜூலையில், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே, குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் அமைப்பு ஒரு குயர் இலக்கிய விழாவை நடத்தியது இதனால்தான் முக்கியம். பாதிக்கப்பட்டவராக அல்ல, நடை, மொழிபெயர்ப்பு, பதிப்பு பற்றிப் பேசும் எழுத்தாளராகவே ஒருவர் அங்கே மேடையேறுகிறார்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்பார்கள். சிலம்பும் தொல்காப்பியமும் எந்தக் கப்பலில் வந்தன? தனி விழா வைத்தால் தனிமைப்படுத்துவதாகாதா என்ற கேள்வி நியாயமானது. பொது விழாக்கள் இவர்களைக் கதை, கவிதை அமர்வுகளுக்கு இயல்பாக அழைக்கும் நாள்வரை தனி மேடை தேவைப்படும். மாணவர்களுக்கு இன்னும் வயது வரவில்லை என்பதுதான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. வசவுக்கு வந்துவிட்ட வயது வாசிப்புக்கு மட்டும் வராதா? மதுரை அனுப்பானடியில் பிறந்த திருநங்கை நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜின் வாழ்க்கை தமிழக அரசின் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று 2019இல் பத்மஸ்ரீ பெற்றவரை ஒரு கலைஞராகப் படிப்பதற்கு எந்த வயது தடை? மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி அடைக்கலம் தேடிய, ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பள்ளிகளிலும் பெற்றோரிடமும் புரிதலை வளர்க்கும் வழிகளைச் சுட்டினார். தாமே முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உளவியலாளரிடம் அமர்ந்து கேட்ட பிறகே அவர் அந்த உத்தரவை எழுதினார். ஆசிரியர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்தப் பணிவைத்தான்.

மதுரையில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 2012 ஜூலையிலேயே ஸ்ருஷ்டி மதுரை அமைப்பு இங்கே பேரணியோடு பால்புதுமையர் விழா நடத்தியது. திருநங்கையர் பற்றிய நூல்களையும் ஆவணங்களையும் சேர்க்கும் வள மையத்தைப் பிரியா பாபு நடத்துகிறார். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வர முடியும். அங்கே 'வெள்ளை மொழி' தன்வரலாற்று அடுக்கில், வ.உ.சி.யின் சுயசரிதைக்கும் உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்துக்கும் பக்கத்தில் இருக்கட்டும். தமிழாசிரியர் 727ஆம் குறளை நடத்தும் நாளில் அதை எடுத்துவந்து, ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கட்டும்.