ஐபேடும் அறியாத பாஸ்கோடு

ஐபேடில் நாம் தட்டும் பாஸ்கோடை, உள்ளே பதிந்திருக்கும் எண்ணோடு அது ஒப்பிட்டுப் பார்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் வைத்த எண் அப்படியே அதற்குள் எங்குமே எழுதி வைக்கப்படுவதில்லை. பிறகு எப்படித் திறக்கிறது?

ஐபேடின் சிப்புக்குள் 'செக்யூர் என்க்ளேவ்' என்று தனியாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. கருவிக்குக் கருவி வேறுபடும் 256 பிட் ரகசிய எண் ஒன்று தயாரிப்பின்போதே அதில் பதிக்கப்பட்டுவிடுகிறது. எந்த மென்பொருளாலும் அதைப் படித்து வெளியே எடுக்க முடியாது. ஆப்பிளிடமும் அதன் நகல் கிடையாது. இந்த எண்ணும் நம் பாஸ்கோடும் சேர்ந்துதான் உள்ளே இருப்பதைத் திறக்கும் உண்மையான சாவி உருவாகிறது. வங்கி லாக்கரைப் போல, ஒருவர் சாவி மட்டும் இருந்தால் திறக்காது. அதனால் சேமிப்புப் பகுதியை நகலெடுத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரிடம் கொடுத்தாலும் பயனில்லை. கணக்கு அந்த ஐபேடுக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

அந்தக் கணக்கையும் வேண்டுமென்றே மெதுவாக்கியிருக்கிறார்கள். ஒரு முயற்சிக்குச் சுமார் 80 மில்லி விநாடி. நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எல்லா எண்களையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கோ அதுதான் பெரிய தடை. நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள், 14 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆறு இலக்கம் என்றால் 22 மணி நேரம். சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு குறிகள் என்றால் ஐந்தரை ஆண்டுகள்! இது இடையில் காத்திருப்பே இல்லாவிட்டால் ஆகும் நேரம். தவறாகப் போடப் போட ஐபேட் நிமிடக்கணக்கில், பிறகு மணிக்கணக்கில் காக்க வைக்கும். 'இரேஸ் டேட்டா'வை ஆன் செய்திருந்தால் பத்தாவது தவறோடு எல்லாம் அழிந்துவிடும். கோப்பு கோப்பாக அழிப்பதில்லை; சாவியை மட்டும் அழிக்கிறது. அந்த நொடியிலிருந்து உள்ளே இருப்பதெல்லாம் படிக்கவே முடியாத குப்பை.

பாஸ்கோடை மாற்றும்போதும் இப்படித்தான். எத்தனை ஆயிரம் படங்கள் இருந்தாலும் அவற்றை ஐபேட் தொடுவதில்லை, அவற்றைப் பாதுகாக்கும் மேல்நிலைச் சாவிகளை மட்டும் புதிதாகப் பூட்டி வைக்கிறது. நொடியில் வேலை முடிவது அதனால்தான்.

செட்டிங்ஸில் 'ஃபேஸ் ஐடி & பாஸ்கோடு' அல்லது 'டச் ஐடி & பாஸ்கோடு' பகுதிக்குப் போனால் பாஸ்கோடை வைக்கலாம், மாற்றலாம். வைக்கும்போது 'பாஸ்கோடு ஆப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டால் எழுத்தும் எண்ணும் கலந்து வைக்க வழி இருக்கிறது. அதையே தேர்ந்தெடுங்கள். விரல்ரேகையோ முகமோ பதிந்திருந்தால் பாஸ்கோடை அடிக்கடி தட்ட வேண்டியிருக்காது. ஆனால் ஐபேடை அணைத்துப் போட்டால் பாஸ்கோடு கட்டாயம் கேட்கும்.

மறந்துவிட்டால்? ஐபேட்ஓஎஸ் 17 முதல், மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடைக் கொண்டு மீளலாம். அதற்குப் பிறகு ஐபேடை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி. ஆப்பிளாலும் திறந்து தர முடியாது. ஆகவே பாஸ்கோடு வைக்கும் அன்றே ஐகிளவுடிலோ கணினியிலோ ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்.