பகிரும் உணவில் மலரும் உறவு

“எனக்கு மட்டும் எதற்கு உலை வைக்க வேணும்?” தனித்து வாழும் பெண்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் சமூகவியல் பயின்ற காலத்தில் படித்த ஒரு வழக்கம் நினைவுக்கு வரும்.

1880களின் பின் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வறுமையால் புலம்பெயர்ந்த பலர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் குடியேறினர். அங்கும் நிம்மதி இல்லை. 1891 மார்ச் 14இல் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது.

அதே நகரில்தான் அவர்களது வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில், மேசை நிறைய உணவு பரப்பி எல்லோரையும் அழைக்கிறார்கள். பாண், மீன், மரக்கறி, இனிப்புப் பண்டங்கள் இருக்கும். தவக்காலமாதலால் இறைச்சி இல்லை. தச்சரான சூசையப்பரின் மரத்தூளை நினைவூட்டப் பாஸ்டாவின் மேல் பாண்தூள் தூவுவார்கள்.

முதலில், திருக்குடும்பமாக வேடமிட்ட சிறுவர்கள் கதவைத் தட்டுவார்கள். இரண்டு தடவை ‘இடமில்லை’ என்ற பதில் வரும். மூன்றாவது தடவை கதவு திறக்கும். பின்னர் அயலவர், அந்நியர், ஏழைகள் யாவரும் இலவசமாக உண்பார்கள். விடைபெறும்போது உலர்ந்த ஃபாவா அவரை விதை ஒன்று கையில் கிடைக்கும். சிசிலியில் பஞ்சம் வந்தபோது, மாட்டுக்குப் போட்ட அந்த அவரையே மனிதரைக் காத்ததாம்.

கதவடைக்கப்பட்ட வலியை அறிந்தவர்களே கதவைத் திறந்து வைக்கிறார்கள். சகோதரிகளே, அதற்குப் பெரிய மேசை தேவையில்லை. இன்று ஒரு பிடி அரிசி கூடப் போட்டு, தனித்திருக்கும் அயல்வீட்டுப் பெண்ணையும் சாப்பிடக் கூப்பிடுவோமே!