எந்தப் பொருள் எந்த இடத்தில்?

சூழலுக்கு உகந்த பொருள்களையும் வழக்கமான சிமெண்ட், கம்பியையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க முனைவதைவிட, ஒவ்வொரு பொருளும் வீட்டின் எந்த உறுப்பில் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதே சரியான தொடக்கமாகும். இரு பருவமழைகளையும் கடற்காற்றையும் ஒருங்கே பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இக்கேள்விக்குரிய பழைய விடை, தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் படிப்படியாக வளர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் பெரிதும் புதுப்பிக்கப்பட்ட அந்த மரக் கட்டடம் இன்றும் நிற்பதற்கு மரத்தின் தரம் மட்டும் காரணமன்று. கருங்கல் அடித்தளம் மண்ணின் ஈரத்தைத் தடுக்க, சரிவான ஓட்டுக்கூரையும் சுவரைத் தாண்டி நீளும் இறவாரமும் மழைநீரை எட்டத் தள்ளுகின்றன.

இன்றைய வீடுகளுக்கு ஆதாரமான சிமெண்ட், சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு அரைத்துப் பெறப்படுவது. எரிபொருளின் புகையோடு கல்லுக்குள் அடங்கிய கரியமில வாயுவும் வெளியேறுவதால், சாதாரண சிமெண்ட் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ வாயு காற்றில் கலக்கிறது. அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் இது குறைவு. கடலோர ஊர்களில் உப்பு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துருவேறிப் பருத்த கம்பி மேலுள்ள காங்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. ஆயினும் இழுவிசையை, அதாவது ஒரு பொருளை இருபுறமும் இழுத்துப் பிளக்க முயலும் விசையைத் தாங்குவதில் செங்கல்லோ மண்ணோ கம்பிக்கு ஈடாகாது.

ஆகவே சிமெண்டும் கம்பியும் தேவையற்ற இடங்களில் அவற்றைக் குறைப்பதே வழி. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு என்னும் முறையில், கொத்தனார் செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாவதோடு, அந்த வெற்றிடம் வெயிலின் சூட்டையும் தணிக்கிறது. கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் காங்கிரீட் பெரிதாகச் சுமை தாங்காததால், கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்துக் காங்கிரீட்டைக் குறைக்கும் முறையும் உண்டு. மண்ணோடு சிறிதளவு சிமெண்டைக் கலந்து அழுத்திச் செய்யும் மண்கல், சூளையில் சுடப்படாமலே சுவராகிறது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் இத்தகைய சிக்கனக் கட்டுமான முறைகளில் பயிற்சி அளித்து வருகிறது.

இம்முறைகளுக்கும் வரம்புகள் உண்டு. உயர்ந்த அடித்தளமும் நீண்ட இறவாரமும் இல்லாத மண்கல் சுவர் ஐப்பசி மழைக்கு ஈடுகொடுக்காது. பழகாத கை கட்டிய எலிப்பொறிச் சுவரும் உறுதியாக நிற்காது. எனவே வீடு கட்டுவோர் மண்ணைச் சோதித்து, பயிற்சி பெற்ற கொத்தனாரையும் பொறியாளரையும் அமர்த்தி, கம்பியை இழுவிசை உள்ள இடத்தில் மட்டும் இட்டு, எஞ்சிய வேலையை அருகில் கிடைக்கும் பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். வயலும் குளமும் மலையும் செங்கல்லாகவும் ஜல்லியாகவும் கரைந்துவரும் இம்மாவட்டத்து நாஞ்சில் நாட்டில், மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கல்லும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் நிலமாகும்.