விடுதி அறையைக் காலி செய்யும் நாள்

சென்ற ஆண்டு மே மாதம், தேர்வுகள் முடிந்த மறுநாள் காலை, எங்கள் பல்கலைக்கழக விடுதியின் குப்பை அறையில் 11 மின்விசிறிகள் நின்றன. மேசைமீது வைக்கும் சிறிய விசிறிகள்தான். அவற்றில் ஒன்று என்னுடையது. போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் மற்ற 10 விசிறிகளும் கண்ணில் பட்டன.

விடுதியில் தங்கிப் படிப்போருக்கு இந்தக் காட்சி புதிதன்று. மே மாதமும் டிசம்பரும் அறையைக் காலி செய்யக் கடைசி நாள் என்று ஒன்று வரும். அதற்கு முந்தைய இரவு தலையணை, துணி மாட்டும் ஹேங்கர், கெட்டில், ரைஸ் குக்கர், பிரிக்காத மேகி பாக்கெட் என எல்லாம் தாழ்வாரத்துக்கு வந்துவிடும். ஒரு பருவம் மட்டும் படிக்க வரும் பரிமாற்றத் திட்ட மாணவர்களைக் குறைசொல்ல முடியாது. ரைஸ் குக்கரை விமானத்தில் யார் ஏற்றுவார்கள்? உள்ளூர் மாணவியான எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. எம்ஆர்டியில் விசிறியைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் போகவேண்டும். கூச்சப்பட்டேன், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகங்களின் நீடித்த நிலைத்தன்மை என்றதும் நமக்குக் கட்டடங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019ல் திறக்கப்பட்ட எஸ்டிஇ4 கட்டடம், தனக்குத் தேவையான மின்சாரத்தைக் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளிலிருந்து பெறும்படி வடிவமைக்கப்பட்டது. அங்கே குளிரூட்டியோடு மின்விசிறியும் சுழல்வதால், காற்றை அளவுக்கு மீறிக் குளிர்விக்க வேண்டியதில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023ல் திறக்கப்பட்ட ‘கையா’ பெரும்பாலும் மரத்தாலான கட்டடம். இரண்டையும் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். விடுதியின் குப்பை அறையைப் பார்க்க யாரும் வருவதில்லை.

அந்த அறையிலிருந்து பொருள்கள் எங்கே போகின்றன? சிங்கப்பூரின் குப்பை எரியாலைகளுக்குச் செல்கிறது. எரித்தால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்துவிடும். மிஞ்சும் சாம்பல் கடல்வழியாகச் செமக்காவ் நிலநிரப்புப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. 1999ல் செயல்படத் தொடங்கிய அந்த இடம்தான் நம்மிடம் இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம். இப்போதைய வேகத்தில் போனால் 2035வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். எனக்கு அப்போது ஏறத்தாழ 30 வயது.

மின்கழிவுத் தொட்டியில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மின்கழிவைச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீது வைக்கும் திட்டம் 2021 ஜூலையில் நடப்புக்கு வந்தது. கணினி, கைப்பேசி, பேட்டரி, விளக்கு, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மின்விசிறியும் ரைஸ் குக்கரும் இல்லை. மாணவர்கள் அதிகம் தூக்கிப்போடும் இரண்டும் பட்டியலுக்கு வெளியே!

ஆகவே கடந்த டிசம்பரில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து களமிறங்கினோம். தூக்கிப்போடும் பொருள்களைச் சேகரித்து, ஜனவரியில் புதிதாக வருவோருக்கு இலவசமாகக் கொடுப்பது திட்டம். சுவரொட்டி ஒட்டினோம், படம் எடுத்தோம், இன்ஸ்டகிராமில் போட்டோம். நிறைய ‘லைக்’ வந்தது. பொருள்கள் அதைவிட நிறைய வந்தன. கீழ்த்தளக் கூடத்தில் இடுப்பளவு உயரத்துக்குக் குவிந்துவிட்டன.

ஒருவர் போவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் இடையில் மூன்று வாரங்கள் இருக்கின்றன என்பதை நாங்கள் யோசிக்கவேயில்லை. நான்காம் நாள் விடுதி அலுவலகம் கூப்பிட்டது. தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழியை மறிக்கிறீர்கள், இன்று மாலைக்குள் அகற்றுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. வேறு இடம் தருவீர்களா என்று கேட்டோம், இல்லை என்றார்கள். எல்லாவற்றையும் குப்பை அறைக்கே தூக்கிச் சென்றோம்.

அங்கே துப்புரவுப் பணி செய்யும் அக்கா நின்றிருந்தார். தினமும் விடியுமுன் ஜோகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வருபவர். மேல்மாடிகளிலிருந்து பாதிப் பொருள்களைத் தள்ளுவண்டியில் எங்களுக்காக இறக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“ஏம்மா, மொதல்லயே இங்க போட்டிருந்தா நான் ஒரு தடவதானே தூக்கியிருப்பேன்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று அவரோடு நின்று பேசினேன். விடுதிக்கு நான் வந்து ஒன்றரை ஆண்டுகளாகியும் அதுதான் முதல்முறை. எந்த மாடியில் அதிகம் போடுவார்கள், எது மறுநாளே பூசணம் பிடிக்கும், எந்தெந்தக் கெட்டிலில் நம் ஊருக்குப் பொருந்தாத இரண்டு முள் பிளக் இருக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. “தலகாணி வாங்காதீங்க. யாரும் எடுக்க மாட்டாங்க” என்றார். எங்கள் குவியலில் பாதி தலையணைதான்.

இந்த ஆண்டு மே மாதம் முதலில் இடம் கேட்டோம். மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு, பழைய நாற்காலிகள் கிடந்த ஒரு சிறு அறையை ஆகஸ்ட் வரை கொடுத்தார்கள். விசிறி, ரைஸ் குக்கர், கெட்டில், தட்டு, ஹேங்கர் தவிர வேறு எதையும் வாங்கவில்லை. மின்பொருளென்றால் மூன்று முள் பிளக்கும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கவேண்டும். மின்பொறியியல் படிக்கும் நண்பர் ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். அறிவிப்பைக் கடைசி இரவில் இல்லாமல் இரண்டு வாரம் முன்பே கொடுத்தோம். ரைஸ் குக்கர்களைக் கழுவுவதற்கு மட்டும் ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. அடிப்பிடித்த சோற்றை மூன்று வாரம் ஊறவிட்டவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகஸ்டில் கதவைத் திறந்ததும் விசிறிகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. ஹேங்கர் மட்டும் இரண்டு மூட்டை மிச்சம்.

இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மே மாதமும் குப்பை அறை நிரம்பித்தான் இருந்தது. நாங்கள் வாங்க மறுத்தவையெல்லாம் அங்கே கிடந்தன. தவிர, “யாராவது எடுத்துக்கொள்வார்கள்” என்ற நினைப்பே மலிவாக எதையாவது வாங்கும் துணிச்சலைத் தருகிறதோ என்ற சந்தேகமும் உண்டு. விசிறிகளையும் குக்கர்களையும் விடுதியே வாங்கிவைத்து, நூலகப் புத்தகம்போல் பருவத்துக்குப் பருவம் இரவல் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் எங்கள் ஐவருக்கு வேலையே இருக்காது. எழுதிக் கொடுத்திருக்கிறோம். பரிசீலனையில் இருக்கிறதாம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. பொருள்களை நாங்கள் விநியோகித்தது மாலை 6 மணிக்கு. மாணவர்களுக்கு அதுதான் வசதி. அக்காவின் வேலை முடிவது பிற்பகல் 3 மணிக்கு. மறுநாள் காலை வந்து, “ஒரு காத்தாடி மிச்சம் இருக்கா? மகன் படிக்கிற ரூம்புக்கு” என்று கேட்டார். குப்பையிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பது அவருடைய நிறுவனத்தின் விதி. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ விசிறிகளைக் கையால் தூக்கிப் போட்டவர், ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

எங்கள் மேசையிலிருந்து எடுப்பது குப்பையிலிருந்து எடுப்பதாகாது என்று அவருடைய மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பார்த்தேன். கடிதம் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த விநியோகம் ஜனவரியில், பிற்பகல் இரண்டரை மணிக்கு.