பனிக்காட்டில் ஒரு தீக்குச்சி



ஹெவ்லொக் டவுனில் வாழ்வோர் பனியைக் கண்டறியார். மார்கழியிலும் மின்விசிறி சுழன்றாலன்றி உறக்கம் கொள்ளார். அங்கே எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், இரவுணவு முடிந்ததும் கணினியின் முன் அமர்ந்து, கனடாவின் வடபுலத்துக் காடொன்றில் குளிரால் விறைத்து மடிகிறார். ஓரிரு நாளன்று, பல ஆண்டுகளாக மடிகிறார். மடிந்தபின் மீண்டும் தொடங்குகிறார். இதில் என்ன இன்பம் என்று அவருடைய தாயார் வினவுவதில் நியாயம் உண்டு.

அவ்விளையாட்டின் பெயர் 'த லோங் டார்க்'. கனடா நாட்டு ஹின்டர்லாண்ட் நிறுவனம் அதனை 2014இல் முற்றுப்பெறாத வடிவிலும், 2017 ஆகஸ்ட் முதலாந் திகதி முழுவடிவிலும் வெளியிட்டது. இதில் பேயுமில்லை, பிசாசுமில்லை. பசி, தாகம், குளிர், களைப்பு என்னும் நான்குமே பகைவர். உண்ணும் உணவு கலோரிக் கணக்கில் குறிக்கப்படும். நனைந்த ஆடை உடலிலேயே உறையும். பச்சை இறைச்சியைச் சுமந்து நடந்தால் ஓநாய் மோப்பம் பிடித்து வரும். திடீரென வீசும் காற்று, அரும்பாடுபட்டு மூட்டிய தீயை அணைத்துவிடும். கைவசமுள்ள தீக்குச்சிகளோ எண்ணிக்கைக்குட்பட்டவை. வாழ்வே இலக்காகிய பகுதியில் இறந்தால், பொதுவாக அதுவரை தேடியது அனைத்தும் அழிந்துபோகும். 1980இல் தோன்றிய 'ரோக்' என்னும் கணினி விளையாட்டிலேயே இவ்விதி உண்டு.

நம் பரமபதத்திலும் பாம்பு கடித்தால் கீழே வீழ்கிறோம். ஆனால் அங்கே வீழ்த்துவது தாயக்கட்டை. ஆடுபவன் செய்யக்கூடியது யாதுமில்லை. இங்கே வீழ்ச்சிக்குப் பெரும்பாலும் ஆடுபவனின் முடிவே காரணம். வானம் கறுத்தபோது குகையில் தங்காமல் புறப்பட்டான். பத்துக் குச்சிகள் இருந்தபோது விறகு சேர்க்காமல் உறங்கினான். காரணம் விளங்குவதால், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கை பிறக்கிறது.

2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டையும் கண்டோம். மெய்யான இல்லாமையை அறிந்தவர் பொய்யான இல்லாமையை நாடுவானேன்? நான் கருதுவது இது: அவ்வரிசையில் ஒருவரின் முன்யோசனைக்குப் பயன் குறைவு. விடியுமுன் சென்று காத்திருந்தவரும் வெறுங்கையுடன் திரும்பினார். பனிக்காட்டிலோ ஒரு தீக்குச்சியை மிச்சப்படுத்தினால் அது மறுநாள் நிச்சயம் கையிலிருக்கும். வெயில் காயும் வேளையில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தீ மூட்டக் கற்றவன் அதனையும் சேமிப்பான்.

பாத்திரம் இறந்தாலும் ஆடியவரின் அறிவு இறப்பதில்லை. எந்த ஏரிக்கரையில் குடிசை உண்டு, காட்டு ரோசாவின் காயில் தேநீர் எவ்வாறு வடிப்பது என்பவை நினைவில் தங்குகின்றன. முன்பு இரண்டு நாளில் மடிந்தவர் பின்பு நூறு நாள் வாழ்கிறார். அதுவும் எளிதானால், 'இன்டர்லோப்பர்' என்னும் கடும் படிநிலை காத்திருக்கிறது. அதில் துப்பாக்கியே கிடையாது. அம்பு முனையைக்கூட உலையில் தாமே அடித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் அங்கே செல்ல வேண்டியதில்லை. 'பில்கிரிம்' என்னும் முதற்படியில் ஓநாய்களே மனிதனைக் கண்டு விலகி ஓடும். குளிரையும் பசியையும் தாகத்தையும் களைப்பையும் கவனித்துக்கொண்டால் போதும்.